ஆப்ஜெக்ட் எவ்வளவு இடம் பிடிக்கிறது? இசட்ஓடிபியில் எந்த அளவுகோலை நம்பலாம்?

பைத்தான்காரர்களின் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸான இசட்ஓடிபியில் ஒரு ஆப்ஜெக்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: இன்றைய நிலை மட்டுமா, இதுவரை எழுதிய எல்லாப் பிரதிகளும் சேர்த்தா?

ஏனென்றால் தரவை ஒரே கோப்பில் சேமிக்கும் ஃபைல்ஸ்டோரேஜ் எதையும் அழித்து எழுதாது, கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். ஒரு பக்கத்தின் ஆப்ஜெக்டில் 40 கேபி உரை இருக்கிறது, கூடவே பார்வை எண்ணிக்கையும் அதிலேயே இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் வந்து பார்த்தால் கூடுவது ஒன்று. எழுதப்படுவதோ முழு 40 கேபி. ஆயிரம் பேர் பார்த்தால் 40 எம்பி. ஆப்ஜெக்டை அளந்தால் அப்போதும் 40 கேபிதான் என்று சொல்லும், அதுவும் பொய்யில்லை. எண்ணிக்கையை மட்டும், பெரிய தரவை மரமாகப் பிரித்து வைக்கும் பிடிரீஸ் தொகுப்பில் உள்ள லெங்த் என்ற எண்ணும் ஆப்ஜெக்டுக்கு மாற்றிவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுதப்படுவது ஒரு சின்னத் துணுக்குதான்.

சரி, கருவிகளுக்கு வருவோம். சிஸ் மாட்யூலின் கெட்சைஸ்ஆஃப் இங்கே உதவாது. அது மெமரி கணக்கு, அதுவும் மேலோட்டமானது. இருந்தும் பலரும் முதலில் கை வைப்பது அதில்தான்.

அடுத்தது, தனி ரெக்கார்டாகச் சேமிக்கப்படும் ஒவ்வொரு பெர்சிஸ்டென்ட் ஆப்ஜெக்டிலும் உள்ள _பி_எஸ்டிமேட்டட்_சைஸ். பிக்கிளின் (ஆப்ஜெக்டைச் சேமிக்க மாற்றிய பைட் வடிவம்) நீளத்தை 64 பைட் அலகாக மேலே தள்ளிக் காட்டும். கேஷை (மெமரியில் பிடித்து வைத்திருக்கும் ஆப்ஜெக்டுகளை) பைட் கணக்கில் கட்டுப்படுத்த வைத்த எண் அது, குத்துமதிப்புக்குப் போதும்.

துல்லியம் வேண்டுமென்றால் ஸ்டோரேஜின் லோட் மெதடுக்கு ஆப்ஜெக்டின் அடையாள எண்ணான ஓஐடியைக் கொடுத்து, வரும் பிக்கிளின் நீளத்தைப் பார்ப்பேன். ஃபைல்ஸ்டோரேஜில் அதோடு ரெக்கார்டுக்கு 42 பைட் தலைப்பையும் கூட்ட வேண்டும். பெரிய ஆப்ஜெக்டுக்கு இது தூசு. எண் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் லட்சக்கணக்கான ஆப்ஜெக்டுகளுக்கு அப்படியில்லை. ஸ்டோரேஜுக்கு மேலே இசட்லிப் சுருக்கம் போட்டிருந்தால் லோட் விரித்த பிக்கிளைத்தான் தரும், அதனால் டிஸ்க் அளவைவிட அதிகமாகக் காட்டும்.

இதில் பெரிய குழி வேறு. லட்சம் உருப்படி உள்ள ஓஓபிட்ரீயை (பிடிரீஸ் தொகுப்பின் மர வடிவ டிக்ஷனரி) இப்படி அளந்தால் வரும் எண் சிரிப்பூட்டும் அளவுக்குச் சிறியது. மரத்தின் வேர் மட்டுமே அந்த ரெக்கார்டில் இருக்கிறது. தரவு, தலா 30 உருப்படிவரை பிடிக்கும் பக்கெட்டுகளில் தனித்தனி ரெக்கார்டாகக் கிடக்கிறது. சாதாரண லிஸ்ட்டும் டிக்ஷனரியும் நேர்மாறு: தாய் ஆப்ஜெக்டின் பிக்கிளுக்குள்ளேயே போய்விடும்.

ஆகவே உண்மையில் வேண்டியது பெரும்பாலும் கிளையின் மொத்தம், அதாவது ஒரு ஆப்ஜெக்டும் அதிலிருந்து எட்டக்கூடிய எல்லாமும். இதற்கு இரண்டு வழி. சோம்பேறி வழி: கனெக்ஷனின் எக்ஸ்போர்ட்ஃபைலைக் கூப்பிட்டு, வரும் கோப்பின் அளவைப் பார்ப்பது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒரு முறைதான் எழுதப்படும், தனிக் கோப்பாக வைக்கப்படும் பெரிய தரவான பிளாப்களும் சேர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆப்ஜெக்டுகள் __பேரன்ட்__ என்று மேலே கை நீட்டும் குறிப்பைச் சேமித்திருந்தால் எக்ஸ்போர்ட் கீழே இறங்குவதோடு நிற்காது, மேலேயும் ஏறி டேட்டாபேஸ் முழுவதையும் அள்ளிவிடும். நான் விரும்புவது இரண்டாவது: ரெஃபரென்சஸ்எஃப் ஃபங்க்ஷனால் பிக்கிளிலிருந்து ஓஐடிகளை எடுத்து நாமே நடப்பது. பார்த்தவற்றை ஒரு செட்டில் போட்டுக்கொண்டே போனால் பத்துப் பதினைந்து வரிதான். எந்த ஓஐடியோடு நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை நம் கையில் இருக்கும். இரண்டு கிளைகள் ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்தால் இரண்டிலும் அது எண்ணப்படும். கூட்டல் மொத்தத்தைத் தாண்டினால் பதற வேண்டாம்.

எந்த வகுப்பு இடத்தைத் தின்கிறது என்பது கேள்வியானால், இசட்ஓடிபியோடு வரும் அனலைஸ் ஸ்கிரிப்ட் போதும். ஃபைல்ஸ்டோரேஜின் கோப்பான டேட்டா.எஃப்எஸ்ஸை முழுதாகப் படித்து, வகுப்புவாரியாக எண்ணிக்கை, மொத்த பைட், சதவீதம், சராசரி எல்லாம் தரும். பழைய பிரதிகளும் கணக்கில் வரும். ஸ்பேஸ் ஸ்கிரிப்ட் பழையவற்றைக் கணக்கில் எடுக்காது. இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எந்த வகுப்பில் இடைவெளி அதிகமோ அங்கேதான் மேலே சொன்ன பார்வை எண்ணிக்கை மாதிரியான வியாதி இருக்கும். இரண்டுமே பிளாப் கோப்புறையைத் தொடாது, அதற்குக் கோப்புறை அளவைக் காட்டும் டியூ கட்டளை தனியாக.

தரவை எஸ்கியூஎல் டேட்டாபேஸில் வைக்கும் ரெல்ஸ்டோரேஜ்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆப்ஜெக்ட்_ஸ்டேட் டேபிளில் ஸ்டேட்_சைஸ் என்று ஒரு பத்தியே இருக்கிறது. ஒரு எஸ்கியூஎல் வரியில் வேலை முடிந்தது. வரலாறு வைக்கும் அமைப்பில் மட்டும், ஓஐடிக்குப் பல வரிசைகள் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

அப்புறம், பேக் (பழைய பிரதிகளைக் களைவது) செய்வதற்கு முன்னும் பின்னும் அளந்து கழிப்பது. குப்பை எவ்வளவு என்று தெரியும், யாருடைய குப்பை என்று தெரியாது. டிஸ்க் நிரம்பும் தருவாயில் இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: பேக் புதிய கோப்பை முழுதாக எழுதி முடித்துவிட்டுத்தான் பழையதை டேட்டா.எஃப்எஸ்.ஓல்ட் என்று பெயர் மாற்றி ஓரத்தில் வைக்கும். அதை நகர்த்தும்வரை காலி இடமும் குறைந்தே காட்டும்.