"ஒரு ரூபா தான்க்கா"ன்னு சொல்லி 8,998 ரூபா போச்சு, பசங்க போனுக்கு லாக் போடப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

நேத்து தான் தெரிஞ்சுது, இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. எங்க ஊர் கடலூர். குழு பணம் கட்டப் போனா அக்கவுண்ட்ல பத்தல. என்னடான்னு ஸ்டேட்மெண்ட் பாத்தா மூணு மாசமா மாசம் 2,499 ரூபா எவனோ எடுத்துட்டு இருக்கான். ராத்திரி கண்ணு முழிச்சு ஜாக்கெட்டு தச்ச காசுங்க.

எப்படி ஆச்சுன்னா, என் பையன் மூணாவது படிக்கிறான், சுடுற கேம் ஒண்ணு விளையாடுவான். அதுல சாட்ல யாரோ ஒரு அண்ணனாம், கேம்ல செலவு பண்ற டைமண்ட் தரேன், உங்கம்மா போனுக்கு ஒரு நம்பர் வரும் அத சொல்லுன்னு கேட்டிருக்கான். நல்லவேளை புள்ள எங்கிட்ட வந்து கேட்டான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு, மறுநாளே அவன் கைல இருக்குற பழைய போன எடுத்துக்கிட்டு திருப்பாப்புலியூர்ல ஒரு மொபைல் கடைக்கு ஓடுனேன். அங்க தான் தப்பு பண்ணேன்.

கடைக்காரத் தம்பி ரொம்ப பதவிசா பேசுனான். "அக்கா, எனக்கும் பொண்ணு இருக்கு, அவ போன்லயும் இதான் போட்டிருக்கேன்"னு அவன் போன்ல புள்ள போட்டோ வேற காட்டுனான். பசங்கள பாதுகாக்குற ஆப்பாம், கெட்ட வீடியோ வராதாம், யார் மெசேஜ் பண்ணாலும் நமக்குத் தெரிஞ்சிடுமாம். போட்டுக் குடுக்க 1,500 வாங்கிட்டு, கேக்குற பர்மிஷனுக்கெல்லாம் படிக்காமக் கூட அலவ் அலவ்னு அமுக்குனான். அப்புறம் என் போன நீட்டி, "வெரிஃபிகேஷனுக்கு ஒரு ரூபா தான்க்கா, பின் போடுங்க"ன்னான். நானும் போட்டேன். அது ஒரு ரூபா இல்ல, ஏழு நாள் கழிச்சு மாசாமாசம் எடுத்துக்கங்கடான்னு நானே எழுதிக் குடுத்த ஆட்டோபே. எடுக்குறதுக்கு முன்னாடி மெசேஜ் வந்திருக்கு, எனக்கு ஒரு நாளைக்கு லோன் வேணுமா லோன் வேணுமான்னு நாப்பது மெசேஜ் வருது, யாரு பாக்குறா.

இதுல காமெடி என்னன்னா பாஸ்வேர்டு 1234ன்னு பையன் பக்கத்துல நிக்கும்போதே சத்தமா சொன்னான், மறந்துடாதீங்கக்கான்னு. நேத்து ராத்திரி கேக்குறேன், ஆப் வேலை செய்யுதாடான்னு. முறுக்கு தின்ன எண்ணெக் கையோட போன வாங்கி செட்டிங்ஸ்குள்ள போயி அக்ஸசிபிலிட்டில ஒரு தட்டு தட்டி ஆஃப் பண்ணிக் காட்டுறான், "இதாம்மா, அன்னிக்கே பண்ணிட்டேன்". அதே அண்ணன் கிட்ட இருந்து இன்னும் மெசேஜ் வந்துட்டு தான் இருக்கு!

இன்னிக்கு காலைல கடைக்குப் போனேன். யாருக்கோ டெம்பர் கிளாஸ் ஒட்டிட்டு, அட்டையால காத்து முட்டைய தள்ளிக்கிட்டே, தல நிமிரல. "நான் இன்ஸ்டால் தானக்கா பண்ணேன், காசு கம்பெனிக்குப் போச்சு, அங்க கேளுங்க." கம்பெனிக்கு போன் நம்பரே கிடையாது, சாட் மட்டும் தான், அதுல 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்னு ஒரே பதில். பேங்க்ல போனா, "நீங்க தானம்மா பின் போட்டிருக்கீங்க"ன்னு அடுத்த டோக்கன கூப்புட்டாங்க. பொண்ணு போட்டோ காட்டுனவன இன்னும் நெனச்சா தான் வயிறு எரியுது, அது அவன் பொண்ணு தானான்னு கூட இப்ப சந்தேகமா இருக்கு. 1,500, மூணு 2,499, அந்த ஒரு ரூபா. 8,998. அந்த ஒரு ரூபாயயும் விட மாட்டேன்.

வெவரமா எழுதலாம்னு தான் ஆரம்பிச்சேன், முடியல, தெரிஞ்சத சொல்றேன். ஆப்ப டெலிட் பண்ணா காசு எடுக்குறது நிக்காது, ஜிபே போன்பேல உள்ள போயி ஆட்டோபேன்னு இருக்கும், அதுல கேன்சல் பண்ணணும், இப்பவே போய் பாருங்க. பசங்க போனுக்கு கூகுளோட ஃபேமிலி லிங்க்னு ஒண்ணு இருக்கு, பைசா கிடையாது. எத்தன மணிக்கு மேல போன் ஓடக் கூடாது, எந்த ஆப் ஏத்தலாம்னு நம்ம போன்லயே வெச்சுக்கலாம். எங்க தெரு காலேஜ் பொண்ணு பத்து நிமிஷத்துல போட்டுக் குடுத்துச்சு, ஆனா அந்த ஃபேமிலி லிங்க்குக்கும் கேம் சாட்டுக்குள்ள யார் பேசுறாங்கன்னு தெரியாதாம், அத கேம் செட்டிங்ஸ்ல தான் ஆஃப் பண்ணணும், பண்ணிட்டோம். லாக் நம்பர புள்ள முன்னாடி சொல்லாதீங்க. ஏமாந்தா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு உடனே அடிங்க, நான் மூணு மாசம் கழிச்சு அடிச்சேன், கம்ப்ளைண்ட் நம்பர் மட்டும் வந்திருக்கு. கடைக்காரன் மேல 1915 நுகர்வோர் நம்பர்லயும் சொல்லலாமாம், இனிமே தான் பண்ணணும்.

மிச்சத்த அப்புறம் எழுதுறேன், ரெண்டு ஜாக்கெட்டு குடுக்க வேண்டியது கெடக்கு, குழு அக்கா வேற வாசல்ல நிக்கிறாங்க.