மொட்டைமாடிக்குக் கல் சுண்ணாம்பு: பல வருட அனுபவம்

எங்களுடையது பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்டது. மொட்டைமாடிக்கும் வெளிச்சுவருக்கும் பல வருடங்களாகக் கல் சுண்ணாம்புதான் அடிக்கிறோம். கூலிங் பெயின்ட்காரர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள், நான் மாறவில்லை.

வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 டிகிரி அளவில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். சுத்தமான கல் 100 கிலோவுக்கு 56 கிலோதான் மிஞ்சும். அதனால் நன்றாக வெந்த கட்டி கைக்கு லேசாக இருக்கும். கனத்தால் உள்ளே வேகாத கல் என்று அர்த்தம். எவ்வளவு ஊறினாலும் அது அடியில் கல்லாகவே கிடக்கும். மூட்டையிலேயே பொடிந்துபோனது காற்றின் ஈரத்தைக் குடித்த சரக்கு, அதுவும் வேண்டாம்.

நீற்றுவதற்கு, அதாவது கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பூத்துப்போக விடுவதற்கு, இரும்பு டிரம் நல்லது. சூட்டில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். தண்ணீரை முதலில் ஊற்றி, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளைப் பக்கத்திலேயே விடாதீர்கள்.

மறுநாள் துணியில் வடிகட்டி, கஞ்சித் தண்ணீரும் துளி நீலமும் சேர்த்து அடிப்போம். வெயில் தாழ்ந்தபின், தளத்தை நனைத்துவிட்டு, மெல்லிசாக இரண்டு மூன்று கை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்து மறுபடி கல்லாவதற்கு ஈரம் வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் அதற்குள் காய்ந்து, தொட்டால் கையோடு வரும்.

பலன்? சித்திரை மதியத்திலும் மாடியில் வெறுங்காலோடு நிற்கலாம். இரவில் ஃபேன் காற்று அனலாக இறங்குவதில்லை. சுவரின் ஈரம் வெளியேற வழி இருப்பதால் பெயின்ட் போலத் தோல் தோலாக உரிவதும் இல்லை.

குறையும் உண்டு. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பாசி அண்டாது. கல்லாக மாறியபின் அந்தக் காரம் போய்விடும். ஐப்பசி மழைக்குப் பிறகு நிழல் பக்கம் கறுத்துவிடும், தண்ணீர் ஓடும் தடத்தில் கரைந்தும் போகும். ஒவ்வொரு கோடைக்கு முன்பும் திரும்ப அடிக்க வேண்டும். ஒழுகலை இது நிறுத்தவே நிறுத்தாது. ஏற்கெனவே பெயின்ட் அல்லது வாட்டர்ப்ரூஃப் பூச்சு இருக்கும் தளத்தில் சரியாகப் பிடிக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கூலிங் பெயின்ட்டே மேல்.

அப்புறம், மிஞ்சியதைக் கொட்டிவிடாதீர்கள். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தால், காற்று படாமல் அடுத்த வருடத்துக்கும் வெண்ணெய் மாதிரி இருக்கும்.