ஹிண்டன்பர்க்கா, குயீன் மேரியா?

1936-இல் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போக வேண்டும், பணத்துக்குக் கவலையில்லை என்றால் எதில் ஏறுவீர்கள்? குயீன் மேரி கப்பலும், ஹைட்ரஜன் வாயுவால் வானில் மிதந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலும் அதே ஆண்டு மே மாதம்தான் வட அட்லாண்டிக்கில் முதல் பயணம் கிளம்பின.

நேரத்தில் போட்டியே இல்லை. கப்பலுக்கு நாலு நாளுக்கு மேல், ஹிண்டன்பர்க்குக்கு இரண்டரை நாள். ஆனால் கப்பலில் மூன்றாம் வகுப்பு உண்டு, ஆகாயத்தில் ஒரே வகுப்பு, ஒரு வழிக்கு 400 டாலர்.

சரி, அறை? இங்கே குயீன் மேரிதான். ஹிண்டன்பர்க்கின் அறையில் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, மடக்கி வைக்கும் முகம் கழுவும் தொட்டி, ஜன்னலே கிடையாது, சுவர் மெல்லியது என்பதால் பக்கத்து அறை பேச்செல்லாம் காதில் விழும். பயணிகள் எல்லாருக்குமாக ஒரே ஒரு ஷவர்.

ஆனால் அறையை விட்டு வெளியே வந்தால் கதை மாறிவிடும். சாய்வான கண்ணாடி ஜன்னல்களைப் பறக்கும்போதே திறந்து, சில நூறு மீட்டர் கீழே போகும் கடலையும் கப்பல்களையும் எட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இல்லை, குமட்டல் இல்லை. குயீன் மேரியோ புயலில் பக்கவாட்டில் உருளுவதற்குப் பேர்போனது. எனக்கு ஆகாயக் கப்பல் மீது இன்னும் மோகம் இருப்பதற்கு அந்த ஜன்னல்தான் காரணம். இன்றைய விமானத்தில் 11 கிலோமீட்டர் உயரத்தில் தெரிவது வெறும் மேகம்.

புகைபிடிக்கும் அறையைச் சொல்லாமல் விட முடியாது. தலைக்கு மேல் சுமார் 2 லட்சம் கன மீட்டர் ஹைட்ரஜன், கீழே சிகரெட்! வாயு உள்ளே கசியாதபடி அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டி, இரட்டைக் கதவு போட்டு, ஒரே ஒரு மின்சார லைட்டரை வைத்திருந்தார்கள். தீப்பிடிக்காத ஹீலியம் அமெரிக்காவிடம்தான் இருந்தது, அதை வெளியே விற்கவில்லை. 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் ஹிண்டன்பர்க் எரிந்து விழ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். அதில் இருந்த 97 பேரில் 62 பேர் பிழைத்ததைப் பலரும் கவனிப்பதில்லை.

அப்ப நான் குயீன் மேரிக்கா டிக்கெட் எடுப்பேன்? இல்லை, இரண்டையும் விட்டுவிட்டு மூத்த ஆகாயக் கப்பலான கிராஃப் செப்பலினுக்கு. 1929-இல் உலகத்தையே சுற்றி வந்தது, கடைசிவரை ஒரு பயணி உயிரையும் பலி வாங்கவில்லை, அறையிலேயே ஜன்னல். பயணிகள் பகுதியில் வெப்பமூட்டும் வசதி மட்டும் இல்லை. கோட்டோடுதான் சாப்பிட உட்கார வேண்டும்.