அகதியை ஏற்பதா, தடுப்பதா: மூன்று நாடுகள் செய்ததும் நாங்கள் செய்வதும்

2024 டிசம்பரில் மியன்மாரிலிருந்து தப்பிய நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் பக்கம் கரை சேர்ந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணர் கேட்டார்: "நாங்களே கஷ்டத்தில கிடக்கிறம், இவையை வைச்சு என்ன செய்யிறது?" 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையில் நின்ற யாருக்கும் வரக்கூடிய கேள்விதான். ஆனால் இலங்கைத் தமிழரான எங்கள் சனமே மூன்று விதமான கதவுகளைத் தட்டிப் பார்த்திருக்கிறது, அதை வைத்தே பேசலாம்.

அவுஸ்திரேலியா கதவை அடைத்தது. 2013 ஜூலைக்குப் பிறகு படகில் வந்தவர்களுக்கு அங்கே குடியேற இடமில்லை என்று சொல்லி நவுரு என்ற குட்டி நாட்டுக்கும் பப்புவா நியூகினியின் மனுஸ் தீவுக்கும் அனுப்பினார்கள். 2014-இல் இலங்கையர் 41 பேரைக் கடலில் வைத்தே விசாரித்துவிட்டு எங்கள் கடற்படையிடம் கையளித்தார்கள். படகுகள் குறைந்தது உண்மை. ஆட்களை ஓட வைத்த பயம் மட்டும் அப்படியே இருந்தது.

தமிழ்நாட்டைப் பற்றி நன்றி இல்லாமல் எழுத முடியாது. 1983-க்குப் பிறகு போனவர்களுக்கு மண்டபம் அகதி முகாமில் இடம் கிடைத்தது, ரேஷன் அரிசி கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் 40 வருடம் தாண்டியும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் முகாமில்தான் இருந்தார்கள். அங்கேயே பிறந்து பட்டம் வாங்கிய பிள்ளை பெயின்ட் அடிக்கப் போகிறது, 2019-இல் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கு இடமில்லை. உயிரைக் காப்பாற்றிவிட்டு வாழ்க்கையை நிறுத்தி வைத்தது மாதிரி.

கனடாவில் 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள்தான் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் உண்மையில் ஜேர்மனியிலிருந்து ஏறியவர்கள் என்று பிறகு தெரிந்து அங்கே பெரிய கோபம் கிளம்பியது, அப்படியிருந்தும் வேலை செய்யும் உரிமையோடு ஒரு வருட அனுமதி கொடுத்தார்கள். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன், ஏனென்றால் உழைக்க விட்டால் ஆள் முதல் மாதத்திலிருந்தே வாடகை கட்டுவார், வரி கட்டுவார், முகாமில் வைத்தால் யாராவது சோறு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே கனடாதான் 2010-இல் சன் சீ கப்பலில் வந்த 492 இலங்கைத் தமிழரை மாதக்கணக்கில் தடுத்து வைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, இலங்கை? 1951 அகதிகள் உடன்படிக்கையில் நாங்கள் கையெழுத்திடவில்லை. வருபவர்களை ஐ.நா. அகதிகள் நிறுவனம் பதிவு செய்து வந்தது, அவர்கள் மூன்றாவது நாடு கிடைக்கும்வரை காத்திருக்கிறார்கள், சட்டப்படி வேலை செய்ய முடியாது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நீர்கொழும்பில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்டபோது போக இடமில்லாமல் பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் படுத்தார்கள். தமிழ்நாட்டு முகாமில் இருப்பவராவது வெளியே போய்க் கூலி வேலை செய்யலாம்.

முல்லைத்தீவு முள்ளிவாய்க்காலில் இறங்கிய அந்த ரோஹிங்கியா மக்களை விமானப்படை முகாமுக்குள் வைத்தார்கள். பங்களாதேஷ் 2017-இல் தொடங்கி சில மாதங்களுக்குள் ஏற்றது 700,000 பேருக்கு மேல், எங்களுக்கு இந்த முறை வந்தது ஒரு படகு. அண்ணருக்கு நான் சொன்னது இதுதான்: அவர்களை நிரந்தரமாகக் குடியேற்றுவது பற்றிப் பிறகு சண்டை பிடிப்போம், காத்திருக்கும் காலத்துக்கு முதலில் ஒரு வேலை அனுமதி கொடுக்கட்டும்.