கடல் உப்பு என்று சமையல் உப்பைக் கட்டிக் கொடுக்கிறார்கள்: வேலூர்ப் பக்கம் மீன்தொட்டி வைப்பவர்கள் கவனத்துக்கு

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் முதன்முறையாகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்கலாம் என்று விசாரித்துக்கொண்டு இருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். இதே வேலையை வேறு எந்தக் கடையும் செய்ய முடியும்.

"ஃபுல் பேக்கேஜ்" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார் கடைக்காரர். மூன்றடித் தொட்டி, ஸ்டாண்ட், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), வேவ் மேக்கர் (தண்ணீரை அலைபோல ஓடவைக்கும் மோட்டார்), லைட், மணல், பாறை, உப்பு, மீன் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். "இன்னைக்கு செட் பண்ணிடறோம் சார், நாளைக்கே மீன் விட்டுடலாம். பாக்டீரியா பாட்டில் ஊத்திடுவோம், ஒண்ணும் ஆகாது" என்றார். என் மகளுக்குக் கிளவுன் மீன் என்றால் உயிர். இரண்டு கிளவுனும் மஞ்சள் வால் டாம்சல் ஒன்றும் பேக்கேஜிலேயே சேர்த்தி என்றதும் அவள் அங்கேயே பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் பாறை. சாக்கைத் திறந்து கூடத்தில் கொட்டியதும் எனக்குச் சந்தேகம் வந்தது. வெள்ளையான கனத்த துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் சின்னச் சின்னதாக நட்சத்திரக் குழிகள், குழிக்குள் மையத்தை நோக்கி மெல்லிய தடுப்புகள். விரலால் தடவினால் அரம் மாதிரி சுரசுரத்தது. அது பவளத்தின் எலும்புக்கூடு. "மண்டபம் பக்கத்துலேர்ந்து வந்த ஒரிஜினல் சார், எல்லாரும் வைக்கறாங்க, யாரும் வந்து கேக்க மாட்டாங்க" என்றார் பொருத்த வந்த பையன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பாறை கட்டும் கடினப் பவளங்களும் கடல் குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றுக்கும். செத்துக் காய்ந்த துண்டாக இருந்தாலும் சரி, விற்றவரோடு சேர்த்து வீட்டில் வைத்திருப்பவர் மேலும் வழக்கு வரும். இதை ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு குடும்பத்தின் கூடத்தில் கொண்டுவந்து கொட்டியதை என்னால் மன்னிக்கவே முடியாது. அப்போதே திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறை வந்தது. உங்களுக்கும் செயற்கைப் பாறையே போதும். பாக்டீரியா குடியேற நுண்துளை இருந்தால் சரி.

அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் கருவி) வைத்தால் ஆயிரத்துக்கு மேல் காட்டும். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன விஷயம் அது. இந்த ஊரில் கடை வைத்திருப்பவர், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு, "உப்பு போட்டா எல்லாம் செத்துடும் சார், போர் தண்ணியே ஊத்துங்க" என்றார். உப்பு, கரைந்திருக்கும் உலோகத்தை எடுக்காது. செம்பு கொஞ்சம் இருந்தாலே இறாலும் நத்தையும் தாங்காது. கார்ப்பரேஷன் காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் வேறு இருக்கும். ஆர்.ஓ.வில் வடித்து, அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் அயனிகளைப் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வழியாகவும் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டிய தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். நான் கேன் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்து அதையே ஊற்றச் சொன்னேன். பொருத்த வந்தவர்கள் பாதிக்கு மேல் மோட்டார் தண்ணீரையே விட்டார்கள் என்பது கேன் கணக்குப் பார்த்தபோது தெரிந்தது.

இனி உப்பு. நிஜமான மோசடி இதில்தான் இருக்கிறது.

பெயர், பேட்ச் எண், தேதி எதுவும் இல்லாத வெள்ளைப் பாலித்தீன் பையில் ஏழு கிலோ. "இம்போர்ட்டட் ரீஃப் சால்ட் சார், பெரிய மூட்டையா வாங்கிப் பிரிச்சுத் தர்றோம்" என்று கிலோவுக்கு 350 ரூபாய் போட்டிருந்தார்கள். கரைத்தார்கள், ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு என்னையே பார்க்கச் சொன்னார்கள். கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025. புத்தகம் சொல்கிற அதே அளவு. எனக்குத் திருப்தி, அவர்களுக்குப் பணம்.

அந்தக் கருவி தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். அதை வைத்து எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லும். என்ன உப்பு என்று சொல்லாது. மளிகைக் கடை உப்பைக் கரைத்தாலும் அதே 1.025க்குக் கொண்டுவந்து காட்டலாம். இதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கருவியை நம் கண்ணுக்கு நேராக நீட்டுகிறார்கள்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் சோடியமும் குளோரைடும் ஏறக்குறைய 85 சதவீதம். மீதியில்தான் மக்னீசியம், கால்சியம், சல்பேட், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் இருக்கின்றன. மக்னீசியம் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில், கால்சியம் 400க்குச் சற்று மேல். தூத்துக்குடியிலோ மரக்காணத்திலோ பாத்தி கட்டி உப்பு எடுக்கும்போது கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முன்னாடியே படிந்துவிடும், அப்புறம் நமக்கு வேண்டிய உப்பு படிகமாகும், மக்னீசியமெல்லாம் மிச்சமிருக்கும் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். சமையலுக்கு அதுதான் நல்லது. கடல் மீனுக்கு ஆகாது.

சென்னையில் பல வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் டெஸ்ட் கிட்டுகளோடு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மக்னீசியம் 200ஐக்கூடத் தொடவில்லை. மீதி இருந்த பையைக் கையில் எடுத்து, "அண்ணா, வாய் திறந்தே கிடந்திருக்கு, இன்னும் பொலபொலன்னு கொட்டுது பாருங்க" என்றான். ரீஃப் சால்ட்டில் இருக்கும் மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வாய் திறந்து வைத்தால் சீக்கிரம் கட்டி தட்டிவிடும். இந்தப் பையில் இருந்தது கொட்டக் கொட்டத் தூள் உப்பாகவே விழுந்தது.

அவனே மணலையும் பார்த்தான். ஆரகோனைட் என்று தனி விலை போட்ட மணல். ஒரு தேக்கரண்டி எடுத்துக் கழுவி, தட்டில் பரப்பி, வினிகரைச் சொட்டினான். ஆரகோனைட் கால்சியம் கார்பனேட், வினிகர் பட்டால் நுரைக்கும். இதில் ஒரு குமிழிகூட வரவில்லை. சாதாரண மணல்தான். இந்தச் சோதனையைக் கடையிலேயே நின்று செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் பளிங்குச் சில்லும் நுரைக்கும் என்பதால், நுரைத்தால் உடனே நம்பிவிடவும் வேண்டாம். நுரைக்காவிட்டால் வாங்காதீர்கள்.

மீன்களின் கதை சின்னது. தொட்டி ஓடத் தொடங்கிய மறுநாளே விட்டார்கள். புதுத் தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை மீன் விடக் கூடாது. பாட்டில் பாக்டீரியா நல்லதாக இருந்தால் கொஞ்சம் சீக்கிரம் ஆகலாம், அப்போதும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்களுக்கு ஊற்றிய பாட்டிலில் காலாவதித் தேதி இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள். அம்மோனியா கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் அடர் பச்சையாக நின்றது. கடல்நீரின் பி.எச். 8க்கு மேல் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் நன்னீரை விட அதிகமாக வேலை செய்யும். சின்னக் கிளவுன் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தது, செவுள் இரண்டும் சிவந்து விரிந்திருந்தன. கடைக்குப் போன் செய்தால், "புது இடம் சார், செட் ஆகும்" என்றார்கள். மூன்றும் போய்விட்டன. என் மகள் சாப்பிடாமல் படுத்தாள். மாற்று மீன் தருகிறேன், அதே தொட்டியில் விடுங்கள் என்றார் கடைக்காரர். அதற்குத்தான் எனக்கு அதிகக் கோபம். அவை பொம்மை இல்லை.

சில்லர் விஷயமும் சொல்லிவிடுகிறேன். பேக்கேஜில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) என்று வாயால் சொன்னார்கள், வந்தது தொட்டி விளிம்பில் மாட்டும் குட்டி ஃபேன். வேலூரில் வெயில் 40ஐத் தாண்டும் மாதங்களில் தொட்டித் தண்ணீரை 25, 26 டிகிரியில் நிறுத்த அது போதாது. அதைவிட மோசம், "தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணியே ஊத்துங்க" என்று சொல்லிக்கொடுத்தது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்ததற்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் ஓடும் ஒவ்வொரு நாளும் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

வாங்கப் போகிறவர்கள் உப்பை கம்பெனி சீல் உடைக்காத வாளியிலோ பையிலோ மட்டும் வாங்குங்கள். பிரித்த உப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மக்னீசியம், கால்சியம், கே.எச். (பைகார்பனேட்டின் அளவு) மூன்றையும் கடையிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் வரை போய் வாங்கினாலும் இதே முறைதான். மீன் எடுக்கும்போது பொரிப்பகத்தில் வளர்ந்த கிளவுனா என்று கேளுங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கிளவுன் மீனைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. கடலிலிருந்து பிடித்துக்கொண்டு வந்ததை விட அது தொட்டி வாழ்க்கைக்குச் சுலபமாகப் பழகும்.

பில் விஷயத்தில் கறாராக இருங்கள். எனக்கு "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், ஜி.எஸ்.டி. எண் கிடையாது. ஜிபேயில் பணம் அனுப்பியிருந்ததால் அந்த ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரமாக நிற்கின்றன. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், கடை பதில் தரவில்லை என்றதும் மாவட்ட ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

அந்தப் பையில் மிஞ்சிய உப்பையும் மணலையும் தனித்தனி டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன். பெயரில்லாத வெள்ளைப் பையில் யாராவது இதே உப்பு வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பையோடு அப்படியே வைத்து, சீட்டையும் பத்திரப்படுத்தி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மனுவில் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளலாம்.