சேவைச் சங்கத் தலைவர்: ஓராண்டா, ஈராண்டா?

ரோட்டரி, லயன்ஸ் இரண்டிலும் சங்க ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தலைவர் பதவியும் வழக்கமாக ஓராண்டுதான். புதியவர்களுக்குச் சீக்கிரம் வாய்ப்பு வரும், யாரும் நாற்காலியோடு ஒட்டிக்கொள்ள முடியாது. சிக்கல், நேரம். குழுக்கள் அமைத்து, வங்கிக் கையொப்பம் மாற்றி, பட்ஜெட்டை நிறைவேற்றவே இரண்டு மாதம் ஓடிவிடும். கடைசி மாதம் கணக்கு முடிக்க, ஒப்படைக்க. அதனால் ரத்ததான முகாம் போன்ற ஒருநாள் பணிகள் பெருகும். நூலகம் அமைப்பது மாதிரியானவை பாதியில் நிற்கும்.

ஈராண்டுப் பதவியில் அந்தக் குறை இல்லை. ஆனால் தலைவர் சோர்ந்தால் சங்கமே தூங்கிவிடும்: சந்தா பாக்கி ஏறும், வருகை குறையும்.

ஓராண்டே மேல். ஒரு நிபந்தனை: அடுத்த தலைவரை டிசம்பருக்குள் தேர்ந்தெடுத்து, ஜனவரியிலிருந்தே நிர்வாகக் குழுக் கூட்டங்களில் உட்காரவைக்க வேண்டும். நீண்ட திட்டத்தின் பொறுப்பைத் தலைவரிடம் அல்ல, மூன்றாண்டு மாறாத குழுவிடம் கொடுங்கள்.