விளம்பரக் கண்காணிப்பைத் தடுப்பதில் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ்: ஓர் ஒப்பீடு

ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும் அதில் செருகப்பட்டிருக்கும் விளம்பர நிறுவனங்களின் நிரல்கள் நம் கருவியில் தத்தம் குக்கிகளை, அதாவது நம்மை அடையாளம் காண உதவும் சிறு தகவல் துணுக்குகளை, இட்டுவிடுகின்றன. அடுத்து நாம் செல்லும் துணிக்கடைத் தளத்திலும் மருத்துவத் தளத்திலும் அதே குக்கியைப் படித்து, வந்திருப்பவர் இன்னார் என்று அறிந்துகொள்கின்றன. இந்த மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஏற்பதும் மறுப்பதும் உலாவியின் கையில் இருக்கிறது. பெரும்பாலோர் அமைப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை என்பதால், நிறுவியபடியே விட்டால் ஒவ்வோர் உலாவியும் என்ன செய்கிறது என்பதையே இங்கு முதன்மை அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலின்படி குரோம் கடைசியில் நிற்கிறது. மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டாண்டுகளுக்குள் ஒழிப்பதாக 2020 ஜனவரியில் அறிவித்த கூகுள், பலமுறை கெடுவைத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அத்திட்டத்தையே கைவிட்டது. அதன் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்தே வருவதால் இது வியப்பளிக்கவில்லை. உலாவியில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்களான நீட்சிகளுக்குரிய விதிகளைக் கூகுள் மாற்றியதன் விளைவாக, மிகச் சிறந்த விளம்பரத் தடுப்பானான யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் இப்போது குரோமில் இயங்குவதில்லை. வலுக்குறைந்த லைட் வடிவமே எஞ்சியுள்ளது. மறைநிலைச் சாளரமும் உலாவல் வரலாற்றை நம் கருவியில் சேமிக்காமல் இருக்கிறதே தவிர, இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடமிருந்து நம்மை மறைப்பதில்லை. ஆனால் பாதுகாப்புக் குறைகளை விரைந்து சரிசெய்வதில் குரோம் சிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகள் அனைத்தையும் தானாகவே தடுக்கிறது. ஆப்பிள் கருவிகளுக்கு வெளியே அது கிடைக்காது என்பதால், ஆண்ட்ராய்டு வைத்திருப்போருக்கு அது ஒரு தேர்வே அல்ல.

உண்மையான போட்டி ஃபயர்ஃபாக்ஸுக்கும் பிரேவுக்கும் இடையில்தான். ஃபயர்ஃபாக்ஸ் 2022 ஜூன் முதல் கணினிகளில் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி அறையில் பூட்டுவதுபோல் பிரித்து வைக்கிறது. ஒரு தளத்தில் இட்ட குக்கியை இன்னொரு தளத்திலிருந்து படிக்க முடியாது. விளம்பரங்களை அது தானாக நீக்குவதில்லை. ஆனால் யூபிளாக் ஆரிஜினின் முழு வடிவத்தை ஆண்ட்ராய்டு கைபேசியிலும் சேர்க்கலாம் என்பது, கைபேசி வழியாகவே இணையத்தில் நுழையும் நம்மவர்களுக்குப் பெரும் நன்மை. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருவாயில் பெரும்பங்கு கூகுளுடனான தேடுபொறி ஒப்பந்தத்திலிருந்து வருவது எனக்குக் கவலை தருகிறது.

பிரேவ், குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மீதே கட்டப்பட்டது. எனினும் நிறுவிய நொடியிலிருந்து விளம்பரங்களையும் கண்காணிப்பு நிரல்களையும் தடுக்கிறது. பயனர்கள் தட்டச்சு செய்த கிரிப்டோ சந்தைகளின் முகவரியோடு, தனக்குத் தரகு பெற்றுத்தரும் குறியீட்டை அது தானே சேர்த்தது 2020-இல் வெளிப்பட்டபோது, அந்நிறுவனத்தின் மீதான நம்பிக்கை குலைந்தது. பின்னர் அதைத் திருத்திக்கொண்டார்கள்.

குக்கிகளைவிடக் கடினமானது கைரேகைமுறை. திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், விருப்பமொழி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே ஒருவரை அடையாளம் காணும் இம்முறையில் அழிப்பதற்கு எதுவும் இல்லை. உலாவியின் முதல் மொழியாகத் தமிழை வைத்திருப்பவர்கள், ஆங்கிலம் வைத்திருப்போரைவிடச் சிறிய கூட்டத்துக்குள் நிற்கிறார்கள். அதனால் எளிதில் தனித்துத் தெரிகிறார்கள். தாய்மொழியில் உலாவுவதற்கு இப்படி ஒரு விலை இருப்பது நியாயமற்றது. பிரேவ் இத்தகைய தகவல்கள் சிலவற்றைத் தளத்துக்குத் தளம் சற்றே மாற்றிக் காட்டுவதால், நிறுவியபடியே விட்டாலும் இதில் முன்னணியில் உள்ளது. எல்லாப் பயனரையும் ஒரே மாதிரி தோன்றச் செய்யும் டோர் உலாவி இதைவிட வலியது. ஆயினும் அதன் வேகக்குறைவு அன்றாடப் பயன்பாட்டுக்கு ஒத்துவராது.

என் பரிந்துரை இதுதான்: ஒரு நீட்சியைச் சேர்க்கத் தயங்காதவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜினை நிறுவிக்கொள்ளலாம். எந்த அமைப்பையும் தொடாத பெற்றோரின் ஆண்ட்ராய்டு கைபேசிக்குப் பிரேவ் ஏற்றது. ஐஃபோனில் சஃபாரியே போதும். செயலிகளுக்குள் நடக்கும் கண்காணிப்பை இவற்றில் எதுவும் தடுக்காது என்பதால், ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் விளம்பரங்கள் பகுதிக்குச் சென்று விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். ஐஃபோனில் கண்காணிக்க அனுமதி கேட்கும் ஒவ்வொரு செயலிக்கும் மறுப்புத் தெரிவியுங்கள்.